கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்

வாஷியிலிருந்து மான்குர்ட் வரைக்கும் பாலம்.
ஒரு கவிதைக்கு அது சரியாக இருக்கும்.
பேச்சித்தங்கத்தின் கவிதை என்றால்
பாலத்தின் நடுவிலேயே முடிந்துவிடும்.
மிச்சத் தூரத்துக்குத் தண்ணீர்.

மாட்டுங்காவில் ஒரு சங்கத்தின் அலமாரியைக்
காலி செய்தபோது எடைக்குப் போக இருந்த புத்தகம்.
மொத்தமே அறுபத்திரண்டு கவிதைகள்.
பின்னட்டையில் படமில்லை.
'தூத்துக்குடி உப்பளமொன்றில் கணக்கு எழுதுகிறார்'
என்று ஒரு வரி,
அதிலும் ஓர் எழுத்துப்பிழை.
பேச்செல்லாம் பெயரோடு சரி.

சயான் ஆஸ்பத்திரியில் எனக்குக்
காது சோதிக்கும் வேலை.
சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்காரவைத்து
ஹெட்போன் மாட்டி
இந்தியில், மராத்தியில், தாராவிக்காரர்களுக்குத் தமிழில்
நாளைக்கு முப்பது தடவை ஒரே வாக்கியம்:
எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும்
பொத்தானை அழுத்துங்கள்.
அறுபது டெசிபலில் தொடங்கி
இறங்கி இறங்கி
கேட்டதா, கேட்கவில்லையா என்று
முகம் தனக்குள் போகும் ஓர் இடம் வரும்.
பேச்சித்தங்கம் அந்த இடத்தில் எழுதுகிறார்.

'அக்கா ஊருக்குப் போனாள்.
அரிசி களைந்த தண்ணீர்
கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது.'

அவ்வளவுதான்.
பதினோரு வருஷமாக வாசிக்கிறேன்.
வெள்ளை தெளிந்தபின் அடியில் என்ன தெரிந்தது
என்று இதுவரை சொல்லவில்லை.

எதிர் சீட்டு நூதன் காம்ப்ளே கேட்டாள்,
அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று.
இந்தியில் சொன்னேன்.
'அரிசி கழுவிய தண்ணீர்' என்றுதான் வந்தது.
அரிசியையும் களைவோம்,
உடுத்ததையும் களைவோம்,
இடரையும் களையச் சொல்லிக் கும்பிடுவோம்,
இதையெல்லாம் குர்லா வருவதற்குள்
எப்படிச் சொல்ல?
நன்றாக இருக்கிறது என்றாள் மரியாதைக்கு.
கோவண்டி தாண்டியபிறகு
ஜன்னல் பக்கம் திரும்பியபடியே,
'அந்த அக்கா செத்துட்டாளா?' என்றாள்.

எல்லாமே அப்படி என்று சொல்லமாட்டேன்.
முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு மே தினக் கவிதை.
'எழுக' என்று ஏழு முறை. தொண்ணூறு டெசிபல்.
யாரோ கூட்டத்துக்குக் கேட்டு வாங்கியிருப்பார்கள்.
தெரிந்தவர் தெருவில் சண்டை போடும்போது
தலையைக் குனிந்து கடப்பதைப்போல
அந்தத் தாளைப் புரட்டிவிடுவேன்.

பிடித்தது கடைசிக் கவிதை:

'கணக்கு முடிந்தது.
ஒரு மூட்டை கூடுதல்.
யாரும் அதைச்
சுமந்ததாகச் சொல்லவில்லை.'

'அதைச்' என்று ஒற்றில் தொங்குகிறதே வரி,
அது பாரம் தோள் மாறும்போது
பல்லிடுக்கில் வெளியேறும் மூச்சு.
வேறு யாராவது எழுதியிருந்தால்
அந்த 'ச்'சை இழுத்து உள்ளே போட்டிருப்பார்கள்.
அந்த மூட்டையை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன்.
ஐந்தாம் மாதத்தில் எனக்குக் கலைந்ததே,
அந்தக் கனம்.

போன வியாழன் தோல் பட்டறை மெஷின்காரர் ஒருவர்,
பெயர் சவரிமுத்து,
நான் ஒலியே அனுப்பாதபோதும் பொத்தானை அழுத்தினார்.
ஒரு முறை இல்லை, மூன்று முறை.
கதவைத் திறந்து, சத்தமே வரலியே என்றேன்.
'வந்துச்சும்மா. ரொம்பத் தூரத்துல.'
படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது,
பொய்யாக அழுத்துதல்.
பேனா அதன்மேல் நின்றுகொண்டே இருந்தது.
வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

பேச்சித்தங்கம் ஒருநாள் நேரில் வந்து
'அது வெறும் உப்பு மூட்டைதான்,
எண்ணியவன் குடித்திருந்தான்' என்று சொல்லலாம்.
சொன்னால் நம்புவேன்.
கணக்கு எழுதியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நாளைக்கும்
ஏழு ஐம்பத்திரண்டு வாஷியைத் தாண்டியதும்
கடைசிப் பக்கத்தின் ஓரத்தில்
கட்டைவிரல்
அழுத்தும்.